எம்.ஜி.பி. காரை மீட்டெடுக்கும்போது ஆயிலிலும் பூச்சிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலட்சியத்தால் கெட்ட பழைய கார்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அக்கறை மிகுந்து கெட்ட கார்களும் உண்டு. கடையில் இருப்பதிலேயே விலை கூடிய சிந்தெடிக் ஆயிலை ஊற்றி, கண்ணில் படும் இரும்புக்கெல்லாம் குரோம் பூசி, இவ்வளவு செலவு செய்ததால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் பழைய காருக்கு வேண்டியது மேலான சரக்கு அல்ல, அதற்கு உரிய சரக்கு.

எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்து இதைப் பார்க்கலாம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைப்பதால் முதன்முறையாக மறுசீரமைப்பில் இறங்குபவர்கள் பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். 1798 சிசி கொள்ளளவுள்ள இதன் எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரீஸ் வகை. நம் அம்பாசிடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து பழகிய மெக்கானிக்குக் கீழே சொல்வதில் பாதி புதிதாக இருக்காது.

எஞ்சின் ஆயில்

இந்த எஞ்சினுக்கு உரியது 20டபிள்யூ-50 தரம். பேரிங்குகளுக்கு இடையே விடப்பட்ட இடைவெளி, ஆயில் பம்பின் திறன் எல்லாம் அந்தக் கெட்டித்தன்மைக்குப் பொருந்தியவை. இன்றைய கார்களுக்கான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயிலை ஊற்றினால் சூடேறியதும் அழுத்தம் விழுந்துவிடும். எஞ்சின் சூடான நிலையில், ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு, ஐட்லிங்கில் 10 முதல் 25 பவுண்டு அழுத்தம் காட்ட வேண்டும். டாஷ்போர்டில் அதற்கென்றே ஒரு மீட்டர் இருக்கிறது. லேபிளை நம்புவதைவிட அந்த முள்ளை நம்புவது நல்லது.

கெட்டித்தன்மை சரியாக இருந்தாலும் போதாது. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் மேடுகள், அந்த அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் தட்டையான டேப்பட்டுகளின் மீது உரசி நகர்கின்றன. உருளும் பாகம் எதுவும் நடுவில் இல்லை. அந்த உரசலில் இரும்பைக் காப்பது, துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த இசட்.டி.டி.பி. என்ற சேர்மம். பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், இன்றைய பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் அதன் அளவுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கன்வெர்ட்டரே இல்லாத 1960களின் காருக்கு இந்தச் சிக்கனத்தால் ஒரு பயனும் இல்லை, கேம்ஷாஃப்ட் தேய்வதுதான் மிச்சம். பழைய கார்களுக்கென்றே தயாரித்து, துத்தநாக அளவைத் தெளிவாகக் குறிப்பிடும் 20டபிள்யூ-50 ஆயிலை வாங்குங்கள். அப்படி வாங்கிய பிறகு, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று தனியாக விற்கும் துத்தநாகப் புட்டியையும் கவிழ்க்க வேண்டாம். அளவு மீறினால் காக்க வந்த சேர்மமே உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

புதிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது முதல் இருபது நிமிட ஓட்டம். மேடுகளில் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவ வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுழற்ற வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங்கில் விடாமல் 2000 ஆர்.பி.எம். அளவில் பிடித்து ஓட்ட வேண்டும், ஏனென்றால் மேடுகளின் மீது ஆயில் தெறிப்பது அந்த வேகத்தில்தான். நண்பர்களைக் கூப்பிட்டு, எஞ்சின் மெல்ல உறுமுவதைக் கேட்கவைத்துப் பெருமைப்படும் நேரம் இதுவல்ல. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு படியும்வரை மினரல் ஆயிலே போதும். சிந்தெடிக்கின் வழுவழுப்பு அந்தப் படிதலைத் தாமதப்படுத்தும்.

கியர்பாக்ஸும் ஆக்சிலும்

கியர்பாக்ஸ் என்றால் கியர் ஆயில்தானே என்று நினைப்பது இயல்பு. எம்.ஜி.பி.யின் மேனுவல் கியர்பாக்ஸுக்குக் கையேடு சொல்வது எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் பொருத்திய கார்களில் அந்த அமைப்பும் கியர்பாக்ஸின் ஆயிலைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஓவர்டிரைவ் வேலை செய்வது கூம்பு வடிவக் கிளட்ச் ஒன்றின் பிடிமானத்தால். உராய்வைக் குறைக்கும் என்று விற்கப்படும் சேர்க்கைகளை அதில் கலந்தால் அந்தப் பிடிமானமே வழுக்கத் தொடங்கும்.

பின் ஆக்சிலுக்கு மட்டும் ஹைபாய்டு வகை ஈ.பி.90 கியர் ஆயில் வேண்டும். கியர் ஆயில் கேட்கும் வேறு பழைய கார்களின் கியர்பாக்ஸுக்கு வாங்கும்போது லேபிளில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்ற எண்களைப் பாருங்கள். ஐந்து பெரிய எண் என்பதால் நான்கைவிட உயர்ந்தது என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஜி.எல்-5 வகையில் கூடுதலாக இருக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் எஃகுப் பற்களைக் காக்கும், ஆனால் கியர் மாற்றத்தை இலகுவாக்கும் பித்தளை, வெண்கலச் சிங்க்ரோ வளையங்களைக் காலப்போக்கில் தின்றுவிடக்கூடும்.

கிரீஸ் செலுத்தும் முனையான நிப்பிள் போல ஒன்று தெரிந்தாலே கிரீஸ் கன்னை எடுத்து அடித்துவிடுவது இன்னொரு பழக்கம். தொடக்ககால எம்.ஜி.பி.யின் ஸ்டியரிங் ரேக்கில் (ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சட்டத்தில்) நிப்பிள் உண்டு. அதன் வழியே போக வேண்டியது ஈ.பி.90 ஆயில். கிரீஸ் அடித்தால் ரேக் அதை இரு ஓரங்களுக்கும் தள்ளிவிடும், நடுவில் பற்கள் வறண்டுபோகும். இன்னொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் இதே தவறு உயிரோடு விளையாடுவதற்குச் சமம். அதன் முன் சக்கரங்களைத் தாங்கும் செங்குத்து இணைப்பின் அடிமுனை, டிரன்னியன் என்ற வெண்கல மூட்டு ஒன்றுக்குள் மரை போட்டுத் திரும்புகிறது. அங்கும் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகி வழியை அடைத்துக்கொண்டால் ஈரம் புகுந்து எஃகு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஒரு நாள் அது முறிந்து, சக்கரம் காருக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். நிப்பிளைப் பார்க்காதீர்கள், கையேட்டைப் பாருங்கள்.

எஸ்.யூ. கார்புரேட்டரின் மேல்குழாயில் விடும் ஆயிலையும் பலர் மறந்துவிடுகிறார்கள், அல்லது தையல் மிஷின் ஆயில் போன்ற மெல்லிய எண்ணெயை விடுகிறார்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மேலெழுவதை அது போதிய அளவு தடுக்காது, அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் திணறும். எஸ்.ஏ.இ. 20 அல்லது எஞ்சினுக்கு ஊற்றும் ஆயிலே போதும்.

பிரேக்கில் விளையாட்டு வேண்டாம். பிரேக் திரவங்களில் டாட் 4 கிளைக்கால் வகை, டாட் 5 சிலிக்கோன் வகை. இரண்டையும் கலக்கக் கூடாது. பெயர்க் குழப்பம் போதாதென்று, டாட் 5.1 மறுபடியும் கிளைக்கால் வகை. ரப்பர் சீல்களைப் பொருத்தும்போது சாதாரண கிரீஸைத் தொட்ட விரலால்கூடத் தொடாதீர்கள். பெட்ரோலியம் பட்டால் அவை ஊதிப்போகும். இதற்கென்றே சிவப்பு ரப்பர் கிரீஸ் தனியாக விற்கிறது.

பூச்சும் முலாமும்

பெயிண்ட் கடைக்குப் போகும் முன், இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் ஒன்றை வாங்கிவிடுங்கள். ஆலையின் பதிவேடுகளை வைத்து, கார் எப்போது தயாரானது, என்ன நிறத்தில் வெளியே வந்தது, எந்த நாட்டுக்குப் போனது என்பதையெல்லாம் சொல்வார்கள். வெயிலில் வெளுத்த கதவை வைத்து நிறம் பொருத்துவது வீண் வேலை. கதவின் உள்பலகையைக் கழற்றினால் வெயில் படாத பெயிண்ட் கிடைக்கும். பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் என்று கேட்டு வாங்குவதும் ஆபத்துதான். அந்தப் பெயரில் எம்.ஜி.பி.யிலேயே காலத்துக்கு ஏற்ப வெவ்வேறு பச்சைகள் வந்திருக்கின்றன, குறியீட்டைச் சொல்லிக் கேட்க வேண்டும். எஞ்சின் அறையும் காரின் நிறத்தில்தான் இருக்கும். அதைக் கறுப்பாக அடித்துவிட்டால், விவரம் தெரிந்தவர் பானெட்டைத் திறந்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் காலத்து ஒற்றை நிறப் பெயிண்டுக்கு மேல் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் கிடையாது. இன்று அதன் மேல் தடித்த கிளியர் கோட் அடித்துக் கண்ணாடி போல மின்னவைத்த கார், அழகாகத்தான் இருக்கும். ஆனால் 1965இல் ஷோரூமில் நின்ற காரைப் போல இருக்காது. கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயிண்டை வீட்டு கேரேஜில் சாதாரண முகக்கவசத்தோடு அடிப்பது அதைவிடப் பெரிய தவறு. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகக்கவசம் இல்லாதவர்கள் அந்த வேலையை வெளியே கொடுத்துவிட வேண்டும்.

உள்ளே வந்தால், 1962 முதல் 1967 வரையிலான கார்களின் டாஷ்போர்டு சுருக்கம் விழுந்த கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு. அதை வழவழப்பாகத் தேய்த்து அடிப்பவர்கள் உண்டு, தேக்குப் பலகை பதிப்பவர்களும் உண்டு. ஆலையிலிருந்து எந்த எம்.ஜி.பி.யும் மர டாஷ்போர்டோடு வரவில்லை. தொடக்ககால எஞ்சின்கள் மெரூன் நிறம், பிற்காலத்தவை கறுப்பு. எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவர் குரோமில் இருந்தால், அது கடையில் வாங்கி மாட்டும் அலங்காரம்.

போல்ட்டுகளுக்கு அன்று போட்டது பெரும்பாலும் காட்மியம் முலாம், மங்கலான வெள்ளி நிறம். நச்சு என்பதால் இன்று அதற்குப் பதிலாகத் துத்தநாக முலாம் போடுகிறார்கள். அதில் தவறில்லை. குரோம் போடுவதுதான் தவறு. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வலிமை கூடிய எஃகுப் போல்ட்டுகளை அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸ் அல்லது சற்று மேல் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும். முலாம் பூசுபவர் இதைச் செய்வாரா என்று முதலிலேயே கேளுங்கள். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், கனெக்டிங் ராடு போல்ட்டுகளைப் பளபளப்பாக்குவதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு. பவுடர் கோட்டிங் அடித்த பாகங்களில், போல்ட் இறுகும் முகத்தில் பூச்சு இருக்கக் கூடாது. தடித்த பூச்சு நாளடைவில் அமுங்கி, இறுக்கம் தளர்ந்துவிடும்.

ஸ்போக் சக்கரங்கள் பெரும்பாலும் வெள்ளி நிறப் பெயிண்டோடுதான் வந்தன. குரோம் சக்கரம் பிடிக்கும் என்றால் மாட்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் கார். ஆனால் சக்கரத்தை மாட்டும் ஹப்பின் பற்களில் மெல்லிய கிரீஸ் பூச்சு இல்லாமல் மாட்டாதீர்கள். நடுவில் இறுக்கும் நட்டுக்கு இடப்பக்கம் வலது மரை, வலப்பக்கம் இடது மரை. ஹப்கள் பக்கம் மாறிப் பொருந்தினால் ஓட்டத்தில் நட்டு தானாகவே கழலும். அதனால் சுத்தம் செய்யவோ பெயிண்ட் அடிக்கவோ அனுப்பும்போதே, எது எந்தப் பக்கத்து ஹப் என்று எழுதிய தகட்டைக் கம்பியால் கட்டி அனுப்புங்கள்.