முன்னால் போகும் லாரியில் சுமை சரிகிறதா?
கயிறு தளர்ந்து கம்பிகள் பக்கவாட்டில் நழுவுவதைக் கண்டால், முதலில் வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறோம். விழுந்த பிறகு பிரேக் பிடித்துப் பயனில்லை.

ஓட்டுநரிடம் சொல்வதற்காகப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தள்ளிப் பின்னாலிருந்தே ஹாரனை விட்டுவிட்டு அடித்து, முகப்பு விளக்கை மின்னவிடுங்கள். அவருடைய பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். உடன் இருப்பவர் கை நீட்டிச் சுமையைக் காட்டட்டும்.

சிக்னலில் நின்றால், "பின்னால் கயிறு அவிழ்ந்திருக்கிறது, ஓரங்கட்டுங்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். கோபமாகக் கத்தினால் சண்டைக்கு வருவதாக நினைத்து வேகமெடுத்துவிடுவார். அப்படியும் நிற்கவில்லையா? வண்டி எண்ணை மனத்தில் பதித்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் போலீசுக்குத் தெரிவியுங்கள்.