‘நன்றி: கூகுள்’ என்று போட்டால் போதாது

பதிவை எழுதி முடித்தாயிற்று, படம் ஒன்றுதான் பாக்கி. கூகுளில் இரண்டு சொற்களைத் தட்டுகிறோம். கண்ணுக்குப் பிடித்த ஒன்றை எடுத்து ஒட்டுகிறோம். அடியில் ‘நன்றி: கூகுள்’ என்று எழுதியதும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் அந்தப் படத்துக்காக விடியற்காலையில் எழுந்து மலையேறியவர் வேறு யாரோ. கூகுள் நமக்கு அவர் வீட்டுக்கு வழி மட்டும்தான் காட்டியது.

நன்றி சொன்னாலே அனுமதி கிடைத்துவிட்டது என்ற எண்ணம்தான் இந்தத் தவறுகளில் ஆழமாக வேரோடியது. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவர், ஸ்பெயினின் கொர்தோபா நகரப் படம் ஒன்றைப் பயணத் தளம் ஒன்றிலிருந்து எடுத்துத் தன் பாடக் கட்டுரையில் சேர்த்தார். எங்கிருந்து எடுத்தார் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட்டிருந்தார். பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. பயணத் தளத்துக்கு மட்டுமே அனுமதி கொடுத்திருந்ததாகச் சொல்லிப் புகைப்படக்காரர் வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு தெளிவானது: எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்கெனவே இருந்த படமே ஆனாலும், அதை இறக்கி வேறு தளத்தில் ஏற்ற உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

‘படத்தில் © குறி இல்லையே’ என்பதும் சமாதானம் ஆகாது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி படம் எடுக்கப்பட்டதுமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. குறியோ பதிவோ தேவையில்லை. ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று நினைப்பதும் தவறு. ஒருமுறை உரிமம் பெற்றால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம் என்பதே அதன் பொருள்.

சரி, எடுத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தந்துவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் படங்கள்? அருமையான ஏற்பாடு. ஆனால் உரிமத்தைப் படிக்காமல் எடுப்பவர்கள்தான் அதிகம். உரிமத்தின் பெயரிலேயே நிபந்தனைகள் சுருக்கெழுத்தில் இருக்கும். பிஒய் (BY) என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். என்சி (NC) என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. பக்கத்தில் விளம்பரம் ஓடுகிறது என்றால் வீண் வாதத்தில் இறங்காமல் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள் என்பேன். என்டி (ND) என்றால் அளவைச் சுருக்கலாம். மேலே தலைப்பைப் பொறித்தோ வேறு படத்தோடு ஒட்டியோ வெளியிடக் கூடாது. எஸ்ஏ (SA) என்றால் நீங்கள் மாற்றி உருவாக்கிய படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

பெயர் சொல்வதிலும் முறை இருக்கிறது. ‘படம்: விக்கிமீடியா’ என்பது அரைகுறை. படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், மூலப் பக்கத்தின் சுட்டி, உரிமத்தின் பெயரும் அதன் சுட்டியும், மாற்றம் செய்திருந்தால் அதுவும் வர வேண்டும். உரிமத்தின் பதிப்பு எண்ணையும் பாருங்கள். விதியை மீறினால் உரிமம் தானாகவே ரத்தாகிவிடும். 4.0 பதிப்பில், தவறு தெரியவந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால் அது மீண்டும் உயிர்பெறும்; பழைய பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லை. பழைய பதிப்பு உரிமம் கொண்ட படங்களில் சிறு பிழை செய்தவர்களுக்கும் பணம் கேட்டுக் கடிதம் வருவது இதனால்தான்.

அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே போன்ற இலவசப் படத் தளங்களில் பெயர் சொல்லும் கட்டாயம் இல்லை. நான் சொல்லிவிடுவேன், அது மரியாதை. ஆனால் ஏற்றியவரே எடுத்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒரு படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் டின்ஐ (TinEye) போன்ற தலைகீழ்த் தேடலில் போட்டுப் பாருங்கள். அதே படம் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு புகைப்படக்காரரின் தளத்தில் தென்பட்டால் விலகிவிடுங்கள். படத்தில் ஒருவரின் முகம் தெளிவாகத் தெரிந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. பதிப்புரிமை எடுத்தவருடையது, முகம் படத்தில் இருப்பவருடையது. கடன் தொல்லை பற்றிய கட்டுரைக்கு முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பலரும் எட்டிப் பார்க்காத நல்ல இடங்கள் அருங்காட்சியகங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020-இலும் இலட்சக்கணக்கான படங்களைச் சிசி0 (CC0) முறையில், அதாவது எந்த நிபந்தனையும் இல்லாமல், திறந்துவிட்டன. நாசாவின் படங்கள் பெரும்பாலும் பதிப்புரிமை அற்றவை. அதன் சின்னத்தை மட்டும் இஷ்டம்போல் பயன்படுத்த முடியாது.

எங்கே எடுத்தாலும், எடுத்த நாளிலேயே உரிமப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, தேதியோடு ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். தளங்கள் விதிகளை மாற்றுகின்றன. அன்ஸ்பிளாஷே 2017-இல் சிசி0-வைக் கைவிட்டுத் தனி உரிமத்துக்கு மாறியது. நாளை கேள்வி வந்தால் உங்கள் கையில் சான்று இருக்கும்.

ஒரு படத்தை விட்டுவிட மனமே வரவில்லையா? எடுத்தவருக்கு எழுதிக் கேளுங்கள். எந்தப் படம், எந்தப் பக்கத்தில், விளம்பரம் உண்டா இல்லையா, பெயரை எப்படிப் போடுவீர்கள் என்று நான்கு வரி போதும். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பதில் வராவிட்டால் வேறு படம் தேட வேண்டியதுதான். மௌனம் சம்மதம் என்ற கணக்கு இங்கே செல்லாது.