ஹிப் ஹாப் வினைலை ஃபைலாக மாற்றுவது எப்படி: ‘பம்பூலே’ தட்டை முன்வைத்து

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து அப்சொலூட் பிகின்னர் குழு 1998-இல் வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பம் ‘பம்பூலே’. அதன் பழைய வினைல் பிரதி கையில் இருந்து, கணினியில் ஏற்ற வேண்டுமென்றால், கிளாசிக்கல், ஜாஸ் தட்டுகளுக்குச் சொல்லும் வழிமுறையை அப்படியே பின்பற்றாதீர்கள். அந்த முறையில் கடைசியில் மென்பொருளில் கரகரப்பை நீக்கும் ‘கிளிக் ரிமூவல்’ பொத்தானை ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. ஹிப் ஹாப்பில் அதே பொத்தான்தான் பாட்டைக் கெடுக்கும். சாம்பிள் (வேறு பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) எடுத்த பழைய தட்டின் கரகரப்பும், டிஜே தட்டை முன்னும் பின்னும் ஆட்டி எழுப்பும் ஸ்கிராட்சும் பாட்டின் பகுதிகள். அது மென்பொருளுக்குத் தெரியாது.

முதலில் தட்டைப் பாருங்கள். ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். டிஜேக்களிடம் இருந்து வந்த பிரதியாக இருந்தால் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் தனியாகக் கேளுங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தட்டை ஆட்டி ஆட்டிப் பள்ளம் தேய்ந்திருக்கும். முதல் சில நொடிகள் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சலோடு வரும். இதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. அந்த இடம் முக்கியமென்றால் வேறு பிரதி தேடுவதுதான் வழி.

கழுவ, மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீரும் ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும். குழாய் நீர் வேண்டாம். உப்பு பள்ளத்தில் படிந்து புதுச் சத்தம் கொடுக்கும். மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது. துடைத்ததும் அரை மணி நேரம் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள்.

ஊசிதான் பெரிய விஷயம். டிஜேக்கள் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜில் (ஊசி மாட்டிய தலைப்பகுதி) பொதுவாக உருண்டை முனை இருக்கும். தட்டை மூன்று நான்கு கிராம் எடையில் அழுத்தி ஓடும். ஸ்கிராட்சுக்கு அது சரி, பதிவுக்கு மட்டம். நீள்வட்ட முனை போடுங்கள். உதாரணமாக ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ, 2.0 கிராம். முனையின் வடிவம் மாறும்போது பள்ளத்தில் அது தொடும் இடமும் மாறும். அதனால் உருண்டை ஊசி தேய்த்த தட்டுகூடச் சில நேரம் சுத்தமாகக் கேட்கும். எடையை டோன் ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) எண் வளையத்தை நம்பி வைக்காமல், 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் அளந்து வையுங்கள். லேசாக வைத்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தவறு. எடை குறைந்தால் ஊசி குதிக்கும். குதிக்கும் ஊசிதான் பள்ளத்தை உடைக்கும்.

ஜெர்மன் ராப்பில் ‘ஸ்’, ‘ட்ஸ்’, ‘ஷ்’ ஒலிகள் அடுக்கடுக்காக வரும். தட்டின் உள்வட்டத்துக்கு, அதாவது ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டுக்குப் போகும்போது இவைதான் முதலில் பிசிறும். பிசிறு வலது சேனலில் மட்டும் இருந்தால் ஆன்டி ஸ்கேட்டிங்கை (ஊசி உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) கொஞ்சம் கூட்டுங்கள். இடதில் மட்டும் என்றால் குறையுங்கள். இரண்டிலும் இருந்தால் ஊசியில் அழுக்கு, தட்டின் தேய்மானம் அல்லது கார்ட்ரிட்ஜின் கோணம். கோணம் பார்க்கும் புரோட்ராக்டர் தாளில், தட்டின் நடுவிலிருந்து 66, 120.9 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ள புள்ளிகள் இரண்டிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

டர்ன்டேபிளில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடர் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் ஒன்றே ஒன்றுதான் வழியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலி தகரம்போல வரும். இரண்டு இருந்தால் பேஸ் வீங்கிப் பிளந்து கேட்கும். ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால் எர்த் கம்பியை பிரீஆம்பில் ஜிஎன்டி (எர்த்) என்று எழுதிய திருகில் மாட்டுங்கள். பதிவாகும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். அதன் பேஸ் அதிர்வு ஊசி வழியாகத் திரும்ப உள்ளே போகும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். இருபது நிமிடப் பக்கத்துக்கு 700 எம்பி அளவில் இடம் பிடிக்கும். அதிகபட்ச உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். பக்கத்தின் மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓடவிட்டு அளவை வைத்தால் நடுவில் கை வைக்க வேண்டியிருக்காது. பதிந்த பிறகு அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 20 ஹெர்ட்ஸில் வைத்தால் போதும். 40-க்கு ஏற்றினால் மேடை அதிர்வோடு கிக் டிரம்மின் அடிவயிறும் போய்விடும்.

இனி கரகரப்பு. எது தட்டினுடையது, எது பாட்டினுடையது என்று பிரிக்க ஒரு கணக்கு உண்டு. 33⅓ வேகத்தில் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 நொடி ஆகும். நீளமான கீறல் எழுப்பும் ‘டிக்’ சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை வரும். 45 என்றால் 1.33 நொடி. சாம்பிளுக்குள் இருக்கும் கரகரப்போ தாளத்தோடு திரும்பும்: 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பாட்டில் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.67 நொடி, இரண்டு பார் 5.33. அலைவடிவத்தில் இரண்டு ‘டிக்’குகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தாலே விடை தெரிந்துவிடும். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சாம்பிள்) நிற்கும் இடத்தில் கரகரப்பும் சேர்ந்து நின்றால் அது பாட்டுடையது, தொடாதீர்கள். ஒற்றை வெடிப்பாக வருவது தூசியாக இருக்கலாம். தூசியின் சத்தம் பெரும்பாலும் ஒரு சேனலில் ஓங்கி நிற்கும். மோனோவில் (ஒரே சேனலாக) எடுத்த சாம்பிளின் கரகரப்பு இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும்.

தட்டுடையதை மட்டும் கையால் எடுங்கள். அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ‘ரிப்பேர்’ ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் வேலை செய்யும். இங்கே சாம்பிள் என்பது பாட்டுத் துண்டு அல்ல, டிஜிட்டல் பதிவின் ஒரு புள்ளி. 96 கிலோஹெர்ட்ஸில் அது 1.3 மில்லிநொடி. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, துருத்தி நிற்கும் அந்த முனையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் முழுப் பக்கத்துக்கும் தானியங்கியை ஓட்டினால் ஸ்னேர் டிரம்மின் முதல் ‘டப்’ மழுங்கும், குழுவின் டிஜேயான ‘மாட்’ போடும் ஸ்கிராட்சின் நுனி அறுந்துபோகும்.

பாட்டுகளைப் பிரிக்கும்போது ஃபேட் (ஒலியை மெல்லக் குறைப்பது, கூட்டுவது) போடாதீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடர்ந்து ஓடும் இடத்தில் ஃபேட் ஒரு குழியைத் தோண்டிவிடும். ஃப்ளாக் கோப்பாக எடுத்து வைத்தால் தரம் குறையாது. கடைசியில் டேக், அதாவது கோப்பில் பதியும் பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்கள். சாமி டீலக்ஸ் பாடும் ‘ஃப்யூக்ஸே’ போன்ற தலைப்புகளில் உம்லவுட் (மேலே இரண்டு புள்ளி வைத்த) எழுத்து வரும். தமிழில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், முன்னும் பின்னும் இரண்டு குறிகளாகவும் சேமிக்க முடியும் அல்லவா, அதே கதைதான் இங்கும்: புள்ளி வைத்த எழுத்து ஒரே குறியீடாகவும் இருக்கலாம், எழுத்தும் புள்ளியும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. எல்லா டேக்கையும் யூடிஎஃப்-8 குறியீட்டில், எழுத்தையும் புள்ளியையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு நகல் எடுங்கள்.