கொழும்பில் உங்கள் பகுதி நிலத்தடி நீர் நீடிக்குமா? கணிக்கும் முறை

ஐப்பசி மழையில் வெள்ளவத்தைக் கிணறு தளும்புவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாசி, பங்குனியில் அது எவ்வளவு இறங்குகிறது, வருடா வருடம் இன்னும் இறங்குகிறதா என்பதே கேள்வி.

கடற்கரைப் பக்கம் இரண்டு, உள்ளே கபுக்கல் (செம்பூரான் கல்) நிலத்தில் இரண்டு என நான்கு கிணறுகளாவது வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கட்டிலும் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள். எப்போதும் அதிலிருந்தே அளக்க வேண்டும். நாடாவின் கடைசி ஒரு மீற்றருக்குச் சோக்கைத் தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் கறுத்துத் தெரியும். விடிய, மோட்டர் போட முதல் அளவுங்கள். இறைத்த கையோடு அளந்தால் வருவது கிணற்றின் மட்டம், நிலத்தடி நீரின் மட்டமல்ல. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, குறைந்தது மூன்று வருடம்.

புள்ளிகளின் உயரத்தை நில அளவையாளரைக் கொண்டு கடல் மட்டத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதன் மட்டம் நிரந்தரமாக 10 சென்ரிமீற்றர் இறங்கினால், மணல் நிலத்தில் அடியிலுள்ள உப்பு ஏறத்தாழ 4 மீற்றர் மேலே வரும்.

அடுத்தது வரவு செலவு. மழைக்குப் பின் மட்டம் ஏறிய அளவுகளை வருடம் முழுக்கக் கூட்டி, மணலுக்கு 0.2 ஆல் பெருக்குங்கள் (மணலின் கனவளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் எடுக்கக்கூடிய நீர்). மொத்தம் 1.2 மீற்றர் ஏறினால், ஓர் ஏக்கரில் ஊறியது ஏறத்தாழ 970 கனமீற்றர். நாளொன்றுக்கு 2,660 லீற்றர். 500 லீற்றர் வீதம் பாவிக்கும் 20 வீட்டுத் தொடர்மாடி 10,000 லீற்றர் இறைக்கும்! நகரக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த வீடுகளின் கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குப் போவதால், இறைத்தது திரும்பி ஊறுவதுமில்லை. ஊறியதெல்லாம் எடுக்கக்கூடியதுமல்ல: கடலுக்கு வடியும் பங்குதான் உப்பைத் தள்ளி வைத்திருக்கிறது. பாதியைத் தொடாமல் விடுங்கள். மழையில்லாத நாளில் மட்டம் ஏறினால், பக்கத்தில் வீதிக் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். அந்த ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றரை 1413 µS/cm நியமக் கரைசலில் சரிபார்த்து, கிணற்றின் மேலேயும் அடியிலேயும் நீரெடுத்துப் பாருங்கள். அளவு கூடினால் உடனே கடலைக் குற்றம் சொல்லாதீர்கள். நைத்திரேற்றும் கூடியிருந்தால் மலசலகூடக் குழியைச் சந்தேகியுங்கள். குளோரைட்டு மட்டும், அதுவும் அடியில், ஒவ்வொரு பங்குனியிலும் முந்தியதை விடக் கூடினால் அது கடல்.

அப்படியானால் குழாய்க்கிணற்றை ஆழமாக்காதீர்கள். உப்பு இன்னும் கிட்ட வரும். புட்வால்வை (உறிஞ்சு குழாயின் அடி வால்வை) உயர்த்துங்கள், ஒரே மூச்சில் இறைக்காமல் காலை மாலையாகப் பிரியுங்கள், முதல் மழையைக் கழித்துவிட்டுக் கூரைத் தண்ணீரைக் கிணற்றருகே ஊறவிடுங்கள்.