வேலைக்குப் போய்க்கிட்டே காலேஜ் படிக்கணுமா? மொதல்ல கணக்குப் போடுங்க

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, வேலைக்கு 45, போக வர 10, வீட்டு வேலை குளியல் சாப்பாடு எல்லாத்துக்கும் 25ன்னு கழிச்சா மிச்சம் 32. பாக்க நெறைய இருக்குற மாதிரி தோணும், ஆனா அது ஒரே இடத்துல இருக்காது, இங்க அரை மணி அங்க இருபது நிமிஷம்னு செதறிக் கெடக்கும், அதுலயும் பாதி நேரம் நாம அசந்து போய் போனைத் தள்ளிக்கிட்டு உக்காந்திருப்போம்.

அதனால சேர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் முழுக்க நேரம் எங்க போகுதுன்னு எழுதிப் பாருங்க. ஒரு மணி நேர க்ளாஸுக்கு வெளியில ரெண்டு மணி நேரம் படிப்புங்கிறது பல காலேஜ்ல க்ரெடிட்டுக்கு, அதாவது ஒரு பேப்பர முடிச்சா பட்டத்துக்குச் சேர்ற புள்ளிக்கு, வச்சிருக்கிற கணக்கு. அப்படின்னா வாரம் 3 மணி நேரம் க்ளாஸ் இருக்கிற ஒரு பேப்பர் 9 மணி நேரத்த சாப்பிடும், ரெண்டுன்னா 18, மூணுன்னா 27. மொத செமஸ்டர்ல ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு எடுங்க. நான் வீராப்பா மூணு எடுத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே பாராவ நாலு தடவ படிச்சிருக்கேன், காலைல நோட்டப் பாத்தா கடைசி எழுத்துலேர்ந்து பேனாக் கோடு பக்கத்தோட அடி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்.

ராத்திரி படிப்ப நம்பாதீங்க. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத அசைகளா மனப்பாடம் பண்ணி தன்னைத்தானே டெஸ்ட் பண்ணிப் பாத்து 1885ல எழுதினாரு, படிச்சதுல பெரும்பகுதி மொத சில மணி நேரத்துலயே போயிடுதுன்னு. அதுக்கு மருந்து திரும்பத் திரும்பப் படிக்கிறது இல்ல, புக்க மூடிட்டு ஞாபகம் இருக்கறத எழுதிப் பாக்கறது, ரெண்டு நாள் விட்டு மறுபடி. இதுக்கு அந்தச் செதறிக் கெடக்குற இருபது நிமிஷமே போதும். நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

வீட்டுல "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க"ன்னு பொதுவா சொன்னா வேலைக்காகாது. செவ்வாய் வியாழன் எட்டுலேர்ந்து பத்து நான் ஊர்ல இல்லன்னு நெனச்சுக்கங்கன்னு சொல்லணும். எங்க வீட்டுச் சின்னது கதவுகிட்ட நின்னு "நீ எத்தனாவது படிக்கிற?"ன்னு கேட்டுச்சு, பதில் சொல்லத் தெரியல. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டு நிறுத்திடுவாங்க, அது வலிக்கத்தான் செய்யும்.

ஆபீஸ்ல பரீட்சை தேதிய மட்டும் முன்கூட்டியே சொல்லி லீவ் வாங்கிடுங்க. எதுக்குப் படிக்கிறீங்கன்னு கேக்காம வெளக்க வேணாம், வேற வேலைக்கு அடி போடறாருன்னு எடுத்துக்குவாங்க.

சின்னப் பசங்க நடுவுல சந்தேகம் கேக்கக் கூச்சமா இருக்கும், கேளுங்க. நமக்கு ஒரு லாபம் இருக்கு, புள்ளியியல் க்ளாஸ்ல சராசரி ஏமாத்தும்னு சொன்னப்ப அவங்க நோட்ல எழுதிக்கிட்டாங்க, எனக்கு மாசா மாசம் ஆபீஸ்ல போடற ரிப்போர்ட் கண்ணு முன்னாடி வந்துச்சு. மறுநாளே அதத் திருத்தினேன்.

கடைசியா ஒண்ணு, அட்மிஷன் அன்னிக்கே கேட்டு வைங்க: பேப்பர ட்ராப் பண்ணக் கடைசி தேதி எது, மொத்தம் எத்தன வருஷத்துக்குள்ள முடிக்கணும், பழைய படிப்புக்கோ வேலை அனுபவத்துக்கோ க்ரெடிட் தருவாங்களா. அந்த மூணாவது பேப்பர நான் ட்ராப் பண்ணப் போனப்ப தேதி முடிஞ்சு நாலு நாள் ஆயிருந்துச்சு. இப்ப அது அரியர்.