ஓவிய வகுப்பில் வர்ணனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் வயலை வரையச் சொன்னால், இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே பச்சைப் பட்டை என்று வரைகிறார்கள். இங்கே ஏது மலை? அதனால்தான் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பென்சிலை எடுக்கும் முன் பார்த்ததை நாலு வரி எழுதச் சொல்கிறோம். நல்ல பழக்கம்தான், ஆனால் செய்யும் விதத்தில் கோட்டை விடுகிறோம்.

பெரிய தவறு, ‘அழகு’, ‘பசுமை’ என்பதோடு விட்டுவிடுவது. ‘வயல் பச்சையாக இருந்தது’ என்று ஒரு மாணவி எழுதினால், எந்தப் பச்சை என்று கேளுங்கள். நாற்றங்காலில் மஞ்சள் கலந்த இளம்பச்சை. பறித்து நட்டதும் பயிர் சில நாள் வெளுத்து நிற்கும்; அப்போது நாற்றைவிடத் தண்ணீரில் தெரியும் வானம்தான் அதிகம். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். கதிர் முற்றும்போது மேலே பழுப்பு மஞ்சள், அடித்தாளில் இன்னும் கொஞ்சம் பச்சை. இவ்வளவையும் சொல்லிப் பார்த்த பிள்ளை ஒரே பச்சை டியூபைப் பிதுக்கி முடிக்காது.

இதையெல்லாம் ஆசிரியரே சொல்லிவிடவும் கூடாது. நீங்கள் நன்றாக வர்ணித்தால் வகுப்பு முழுக்க ஒரே படம்தான் வரும். கேள்வி மட்டும் கேளுங்கள்: வெயில் எந்தப் பக்கம்? வரப்பில் கால் வைத்தால் எப்படி இருக்கும்?

அப்புறம், இலக்கணத் திருத்தம் இங்கே வேண்டவே வேண்டாம். ‘சேறு கொழகொழன்னு இருந்துச்சு’ என்பதைச் சிவப்பு மையால் அடித்தால், அடுத்த வாரம் ‘வயல்வெளி கண்ணுக்கு விருந்தளித்தது’ என்று எழுதித் தருவார்கள். அதை வைத்து எதை வரைவது? கொழகொழ, சொரசொர என்ற சொல் வந்தால்தான் வண்ணத்தைத் தடிமனாகப் பூசலாமா, காய்ந்த தூரிகையால் இழுக்கலாமா என்ற யோசனையே வரும்.

எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள், கூச்சப்படும் வயது. அதற்குப் பதில், ஒருவர் ஏதாவது ஒரு பொருளை மறைத்து வைத்துப் பெயர் சொல்லாமல் விவரிக்க, பக்கத்தில் இருப்பவர் கேட்டு வரையட்டும்.

கோயிலுக்கு அழைத்துப் போனால் தலவரலாற்றை முதலில் கொட்டிவிடுகிறோம். திருவாரூர் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில், 17ஆம் நூற்றாண்டில் முசுகுந்தன் என்ற புராண மன்னனின் கதையை வரைந்தவர்கள் காட்சிகளோடு தமிழில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்தைப் படித்துக்காட்டும் முன், பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால், எழுத்தில் சொல்லாமல் வண்ணத்துக்கே ஓவியர் விட்டுவைத்தது எது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.