ஒரு வகுப்பறையிலிருந்து முழுப் பள்ளிக்கூடம்: கட்டடக்கலை மாணவர்களுக்கான டிசைன் வழிமுறை

ஸ்டுடியோவில், அதாவது டிசைன் வகுப்பில், பள்ளிக்கூடம் என்று தலைப்பு கொடுத்தவுடன் பலரும் சைட் மீது ஒரு வட்டத்தையோ 'ப' வடிவத்தையோ வரைந்துவிட்டு, அறைகளை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். விளைவு: பாதி அறைகளில் மேற்கு வெயில், மீதி அறைகளில் காற்றே இல்லை. வேலையைத் தலைகீழாகத் தொடங்குங்கள். ஒரே ஒரு வகுப்பறையை முழுதாக முடித்துவிட்டு, அதை வைத்துக் கட்டடத்தை வளருங்கள்.

எடுத்துக்காட்டாக, சென்னைப் புறநகரில் 1 ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர் சைட். 1 முதல் 8 வரை வகுப்புகள், வகுப்புக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு 30 பேர். மொத்தம் 16 வகுப்பறை, 480 பிள்ளைகள்.

1. பரப்புக் கணக்கு

வகுப்பறை ஒன்று 8 × 6 மீட்டர், 48 சதுர மீட்டர், பதினாறுக்கு 768. நூலகம் 72, அறிவியல் ஆய்வகம் 72, கணினி அறை 48, பொது அரங்கு 120, தலைமை ஆசிரியர் அறையும் அலுவலகமும் 40, ஆசிரியர் அறை 36, சத்துணவுக் கூடம் 32, கழிப்பறைகள் 60. கூட்டினால் 1,248. சுவர், வராண்டா, படிக்கட்டுக்கு 40 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 1,750 சதுர மீட்டர். இந்த 40 சதவீதத்தை விட்டுவிட்டால் கடைசி வாரத்தில் வராண்டாவைக் குறுக்க வேண்டி வரும். தரைத்தளம், முதல் தளம் என இரண்டாகப் பிரித்தால் கட்டடம் சைட்டில் 22 சதவீதம்தான் பிடிக்கும். விளையாட்டுத் திடலுக்கு நிறைய இடம் மிஞ்சும்.

2. ஒரு வகுப்பறை

உங்கள் நேரத்தில் பாதியை இங்கேயே செலவிடுங்கள்.

முதலில் டெஸ்க். இருவர் உட்காரும் டெஸ்க் 1.2 மீட்டர் நீளம். மூன்று வரிசை வைத்தால் 3.6 மீட்டர், நடைவழியும் சுவரோர இடைவெளியுமாக நான்கு 0.6 மீட்டர்: சரியாக 6 மீட்டர். நீளவாக்கில் போர்டுக்கு முன்னால் 2 மீட்டர், ஐந்து டெஸ்க்குக்கு இருக்கையோடு சேர்த்து 4.5, பின்னால் பையும் அலமாரியும் வைக்க 1.5: சரியாக 8 மீட்டர். அறையின் அளவு இப்படித்தான் பிறக்கிறது. வேறு அளவு வேண்டுமென்றால் டெஸ்க்கை வரைந்து காட்டிவிட்டு மாற்றுங்கள்.

அடுத்து வெளிச்சம். 8 மீட்டர் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். பெரிய ஜன்னல்கள் வடக்கில். போர்டைக் கிழக்குச் சுவரில் வைத்தால் பிள்ளைகளுக்கு இடப்பக்கம் வடக்கு வரும். வலக்கையால் எழுதும் பெரும்பாலோருக்கு நோட்டில் கை நிழல் விழாது. போர்டுள்ள மூலையிலிருந்து 1.2 மீட்டர் வரை ஜன்னல் வேண்டாம். வைத்தால் போர்டு பளபளக்கும். ஓரத்தில் உட்காரும் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. ஜன்னல் அடிமட்டம் சிறு வகுப்புகளுக்கு 0.75 மீட்டர், மேல்மட்டம் 2.1. பகல் வெளிச்சம் மேல்மட்ட உயரத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் உள்ளே எட்டும். அதாவது 5 மீட்டர் சுமார். அறை 6 மீட்டர் ஆழம். அதனால் வராண்டா பக்கமும் ஜன்னல் கட்டாயம்.

தெற்கில் 2.4 மீட்டர் வராண்டா கொடுங்கள். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும். வராண்டாக் கூரை இருப்பதால் சுவரில் ஒரு சாண் உயரத்துக்குத்தான் வெயில் படும். இதே கணக்கை செக்ஷனில் (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வரைபடம்) கோடு போட்டுக் காட்டுங்கள், ஜூரியில் (வேலையை மதிப்பிடும் குழுவின் முன்) வாய்விளக்கமே தேவைப்படாது. வடக்கில் வெயிலே வராது என்று நம்பிவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் காலை வெயில் வடகிழக்கிலிருந்து அடிக்கும், 0.6 மீட்டர் சன்ஷேடோடு ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்துத் தடுப்பும் தேவை.

கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. வராண்டா பக்க ஜன்னலை மறைத்து அலமாரி போட்டால் காற்று நின்றுவிடும். நடுவில் நடைபாதை, இருபுறமும் அறைகள் என்ற அமைப்பு இங்கே சரிப்படாததும் இதனால்தான். பரப்பு மிச்சமாகும், அறைகள் புழுங்கும்.

தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர். பில்லர்கள் 4 மீட்டர் இடைவெளியில்; பீம் நடுவில் பில்லர் இல்லாமல் 6 மீட்டர் தாண்ட வேண்டும், ஆழம் சுமார் 0.5. மொட்டைமாடியில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை, தட்டோடு பதித்த வெதரிங் கோர்ஸ் (வெயிலையும் மழையையும் தடுக்கும் மேல் அடுக்கு) காட்டாவிட்டால் மேல்தள அறைகள் பிற்பகலில் கொதிக்கும்.

3. அறைகளைச் சேர்த்தல்

நான்கு அறை ஒரு வரிசை, இரண்டு தளம்: எட்டு அறை கொண்ட ஒரு பிளாக். 9 அங்குலச் சுவர்களோடு நீளம் 33 மீட்டர், இரு முனையிலும் படிக்கட்டு சேர்த்தால் 40. இப்படி இரண்டு பிளாக்குகள், நடுவே குறைந்தது 10 முதல் 12 மீட்டர் முற்றம். 1 முதல் 3 வரை உள்ள வகுப்புகள் தரைத்தளத்திலேயே இருக்கட்டும்.

4. படிக்கட்டும் வெளியேறும் வழியும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் பற்றிய தீ வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. சத்துணவுக் கூடத்தைத் தனியாக, கான்கிரீட் கூரையோடு, சிலிண்டர் வண்டி நேரே வரும் இடத்தில் வையுங்கள். வகுப்பறைக் கதவு 1.2 மீட்டர், வெளிநோக்கித் திறந்து சுவரோடு முழுதாகச் சாய வேண்டும். வராண்டாவில் குறுக்கே நிற்கக் கூடாது.

படியின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிபாகம் 300-க்குக் குறையக் கூடாது, அகலம் 1.5 மீட்டர். 3.6 மீட்டர் ஏற 24 படி, இரண்டு ஏற்றமாகப் பன்னிரண்டு பன்னிரண்டு. ஓர் ஏற்றத்தின் நீளம் 3.3, நடுத்தளம் 1.5, மொத்தம் 4.8 × 3.1 மீட்டர். படிக்கட்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் வராண்டாவே தளமாகிவிடும். பிளானில் 2 × 4 மீட்டர் கட்டம் போட்டுப் 'படி' என்று எழுதினால் செக்ஷன் வரையும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12, அதாவது 1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம். பேஸ்மட்டம் (வெளித்தரையிலிருந்து தரைத்தளத்தின் உயரம்) 0.6 மீட்டர் என்றால் 7.2 மீட்டர் நீளம். முதல் தளத்துக்கே சாய்தளம் என்றால் இடைத்தளங்களை விட்டுவிட்டே 43 மீட்டர் ஆகும். லிஃப்ட் காட்டுங்கள், நூலகம், ஆய்வகம், கணினி அறையைத் தரைத்தளத்தில் வையுங்கள்.

5. கழிப்பறை, தண்ணீர்

இருபாலருக்கும் ஒரே அளவில் கண்ணாடிப் பிம்பமாக வரைவது வழக்கமான பிழை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி 40 மாணவருக்கு ஒன்று, 25 மாணவியருக்கு ஒன்று. 20 மாணவருக்கு ஒரு சிறுநீர்த் தொட்டி. 240 பேர் வீதம் கணக்கிட்டால் மாணவருக்கு 6 கழிப்பறையும் 12 சிறுநீர்த் தொட்டியும், மாணவியருக்கு 10 கழிப்பறை. இவற்றைத் தளத்துக்குப் பாதியாகப் பிரியுங்கள். சக்கர நாற்காலி திரும்பும் 1.5 மீட்டர் இடத்தோடு ஒன்று தரைத்தளத்தில் தனியாக. மேல்தளக் கழிப்பறை கீழ்தளக் கழிப்பறைக்கு நேர் மேலே வராவிட்டால் குழாய் யாராவது ஒருவரின் வகுப்பறை வழியாக இறங்கும்.

தலைக்கு 45 லிட்டர் என்றால் நாளுக்கு 21,600 லிட்டர். 4 × 3 மீட்டர் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டி) தண்ணீர் 1.8 மீட்டர் ஆழம் நிற்கும். மழைநீர்க் குழாய்களையும் உறிஞ்சு குழிகளையும் சைட் பிளானிலேயே குறியுங்கள்.

6. வரைபடங்கள்

பிளான்கள் 1:200. வகுப்பறை செக்ஷன் மட்டும் 1:50, உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு. அந்தப் பிள்ளையின் கண் மட்டத்தில் ஒரு கோடு இழுங்கள். அது ஜன்னல் அடிமட்டத்துக்குக் கீழே போனால் ஜன்னலை இறக்குங்கள். எலிவேஷனை (கட்டடத்தின் வெளித்தோற்ற வரைபடம்) கடைசியாக எடுங்கள்.